அடி விழுவது டாக்டருக்கு... வலிப்பது அடுத்த நோயாளிக்கு!

சனிக்கிழமை திருப்பூருக்குச் சம்பள நாள். பனியன் கம்பெனிகள் கணக்கு முடித்து அனுப்பும் அந்த இரவில், கேஷுவாலிட்டி ஊழியர்களுக்கு உட்கார நேரமிருக்காது. பைக் விபத்து, போதையில் அடிதடி, மெஷினில் சிக்கிய விரல் என்று வந்துகொண்டே இருக்கும். காயம்பட்டவர் ஒருவர் என்றால், கூட வருபவர்கள் பத்துப் பேர். 'டாக்டர் எங்கே?' என்று உயரும் குரல், சில நேரம் கைகலப்பில் போய் முடிகிறது.

இது ஓர் ஊரின் பிரச்னை மட்டுமல்ல. 2023 மே 10 அதிகாலை, கேரளாவின் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனைக்குக் காவலர்கள் சிகிச்சைக்காக அழைத்து வந்த ஒருவர், பயிற்சி மருத்துவர் வந்தனா தாஸைக் கத்தரிக்கோலால் குத்திக் கொன்றார். 2024 நவம்பர் 13 அன்று, சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். மருத்துவப் பணியாளர்களில் 8 முதல் 38 சதவிகிதம் பேர் பணிக்காலத்தில் ஒருமுறையாவது தாக்கப்படுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஏன் தாமதம்?

அவசர சிகிச்சைப் பிரிவில் ரேஷன் கடை வரிசை கிடையாது. உயிருக்குப் போராடுபவர் சிவப்பு, அடுத்த நிலை மஞ்சள், காத்திருக்கக்கூடியவர் பச்சை என்று பிரித்தே சிகிச்சை தொடங்கும். பச்சைப் பிரிவில் இருப்பவரின் உறவினருக்கு இது தெரியாவிட்டால், பின்னால் வந்தவரை முதலில் பார்ப்பது பாரபட்சமாகத்தான் தோன்றும். நோயாளிக்கு ஒடியாவோ இந்தியோ மட்டுமே தெரியும் என்றால், நர்ஸ் சொல்லும் விளக்கமும் போய்ச் சேராது.

உள்ளே ஆறாத காயம்

அடிபட்ட ஊழியரின் தையல் ஆறிவிடும். ஆனால், தூக்கம் வராது. யாராவது சத்தமாகப் பேசினாலே நெஞ்சு படபடக்கும். மறுநாள் அதே இடத்தில், அதே நைட் டியூட்டி. மருத்துவர்கள் மட்டுமல்ல, நர்ஸ்கள், வார்டு ஊழியர்கள், காவலாளிகள் எல்லோருக்கும் இதே நிலைதான். பயம் பழகிவிட்டால், 'எதற்கு வம்பு' என்ற எண்ணமும் வரும். இங்கேயே பார்க்கக்கூடிய நோயாளியையும், சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவைக்கு அனுப்பிவிடத் தோன்றும். அந்தப் பயணத்தில் கரைவது நோயாளியின் பொன்னான நேரம்.

சட்டம் மட்டும் போதுமா?

தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் ஜாமீனில் வெளிவர முடியாத வழக்கு. 3 முதல் 10 ஆண்டுகள் வரை சிறை. தாக்குதல் நடந்த 6 மணி நேரத்துக்குள் மருத்துவமனை நிர்வாகமே புகார் செய்ய வேண்டும் என்று 2024 ஆகஸ்ட்டில் மத்திய சுகாதார அமைச்சகமும் உத்தரவிட்டது.

சட்டம் அடி விழுந்த பிறகுதான் வரும். அதற்கு முன்பே செய்யக்கூடியவை உண்டு. உறவினர்களிடம் நிலவரம் சொல்ல ஒருவர், இந்தி தெரிந்த ஓர் உதவியாளர், நோயாளியுடன் ஒருவருக்கு மட்டும் அனுமதி. தாக்கப்பட்ட ஊழியருக்குச் சில நாள் விடுப்பும் மனநல ஆலோசனையும்.

நம் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. மருத்துவரிடம் பேச வீட்டில் ஒருவரை முடிவு செய்துகொள்ளுங்கள். 'ஏன் பார்க்கவில்லை?' என்று கேட்பதைவிட, 'இவர் எந்தப் பிரிவில் இருக்கிறார், எவ்வளவு நேரமாகும்?' என்று கேளுங்கள். பதில் சொல்பவருக்கும் பதற்றம் குறையும், கேட்பவருக்கும் நிம்மதி.