சாவியை மறைக்கும் தகடு

பெரம்பலூர் மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. அங்குள்ள குரும்பலூர்க்காரர்கள் வெளிநாடு கிளம்பினால் பெரும்பாலும் திருச்சிக்குத்தான் போகிறார்கள். திருச்சியில் ஏறும் பெரிய விமானத்தில் காக்பிட் எனப்படும் விமானி அறையின் கதவு பூட்டியிருக்கும். உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள நல்ல வழி, நாலு பேர் மட்டும் உட்காரும் செஸ்னா 172. 1956 முதல் 44,000க்கும் மேல் தயாரான ஒற்றை எஞ்சின் விமானம் இது. வேறெந்த மாடலும் இந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. சென்னை மீனம்பாக்கத்தில் 1930இல் தொடங்கிய மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் ஆனாலும் சரி, உலகின் எந்தப் பயிற்சிப் பள்ளியானாலும் சரி, மாணவருக்கு ஆரம்பப் பாடம் ஒன்றுதான்: பறப்பதற்கு முன் காக்பிட்டைச் சோதிப்பது.

உட்கார்ந்ததும் கண்ணில் படுவது, ஸ்டீயரிங் தண்டில் குத்தி வைத்த ஒரு கம்பி. நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றில் இறக்கை மடல்கள் அடித்துக்கொள்ளாமல் இருக்கப் போட்ட பூட்டு அது. கம்பியோடு ஒரு தகடும் தொங்குகிறது. அந்தத் தகடு சாவித் துவாரத்தை மறைக்கிறது! பூட்டை எடுக்காமல் எஞ்சினைக் கிளப்ப வழியில்லை. ஒரு சின்னத் தகட்டுக்குள் எத்தனை யோசனை! 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் டேட்டனில் போயிங் நிறுவனத்தின் நான்கு எஞ்சின் சோதனை விமானம் இதே மாதிரிப் பூட்டை விடுவிக்காமல் மேலெழும்பி விழுந்தது. இருவர் இறந்தார்கள். ஓட்டியவர் தேர்ந்த சோதனை விமானி. திறமை போதாது, நினைவை நம்பக் கூடாது என்று புரிந்துகொண்ட மற்ற விமானிகள் செய்ய வேண்டியதை வரிசையாகத் தாளில் எழுதிக்கொண்டார்கள். 'செக்லிஸ்ட்' என்ற சரிபார்ப்புப் பட்டியல் விமானத் துறையில் வேரூன்றியது அப்போதுதான்.

அடுத்து சாவி. அது 'ஆஃப்' நிலையில் இருந்தாலும் விமானி வெளியே போய் புரொப்பெல்லரைத் தொடத் தயங்குவார். காரணம் மேக்னட்டோ. காந்தம் சுழல்வதாலேயே தீப்பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் கருவி அது. பழைய டி.வி.எஸ். 50 மொபெட் பேட்டரியை எதிர்பாராமல் மிதித்ததும் கிளம்பியது இதே தத்துவத்தால்தான். செஸ்னாவில் இப்படி இரண்டு மேக்னட்டோக்கள், நான்கு சிலிண்டர்களுக்கு எட்டு ஸ்பார்க் பிளக்குகள். ஒன்று செத்தாலும் மற்றது ஓட்டும். பேட்டரி முழுக்கப் போனாலும் எஞ்சின் நிற்காது. ஆனால் மேக்னட்டோவை 'ஆஃப்' செய்வது அதை எர்த் செய்யும் ஒரு கம்பி. அந்தக் கம்பி அறுந்துவிட்டால் சாவி எந்தப் பக்கம் இருந்தாலும் மேக்னட்டோ உயிரோடுதான் இருக்கிறது. வானில் எஞ்சின் அணையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு, தரையில் கை வைப்பவரைக் கவனமாக இருக்கச் சொல்கிறது.

மாஸ்டர் சுவிட்சைப் போட்டால் எரிபொருள் முள்கள் எழும். விமானி அவற்றைப் பார்க்கிறார். ஆனால் முழுதாக நம்புவதில்லை. இறக்கைக்குள் இருக்கும் தொட்டி அகலமானது, ஆழமற்றது. விமானம் கொஞ்சம் சாய்ந்து நின்றாலே அளவு மாறித் தெரியும். அமெரிக்க விதி குறிப்பாகக் கேட்பது பூஜ்யத்தைத்தான்: எஞ்சினுக்குப் பயன்படாத கடைசி மிச்சம் மட்டும் தொட்டியில் இருக்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். எனவே விமானி இறக்கைக்கு எட்டும்படி ஏறி நின்று, தொட்டிக்குள் அளவுகுச்சியை விட்டே பார்க்கிறார். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

ஆல்டிமீட்டர் என்ற உயரமானிக்கு மின்சாரமே வேண்டாம். உள்ளே காற்று நீக்கிய மெல்லிய உலோகப் பெட்டி ஒன்று இருக்கிறது. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், பெட்டி விரியும், பல்சக்கரங்கள் அந்த மயிரிழை அசைவைப் பெருக்கி முள்ளைத் திருப்பும். வானிலையோடு அழுத்தம் தினமும் மாறுவதால் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும் அன்றைய எண்ணை அதில் திருகி வைக்க வேண்டும். திருச்சி ஓடுபாதையில் நின்றால் அது கடல் மட்டத்துக்கு மேல் 88 மீட்டரை ஒட்டிக் காட்ட வேண்டும். ஒரு ஹெக்டோபாஸ்கல் தவறினால் சுமார் எட்டு மீட்டர் பிழை. பத்து தவறினால், கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் உயரத்தையே தாண்டிய பிழை.

பழைய செஸ்னாக்களில் விமானம் நிமிர்ந்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று காட்டும் கைரோ சக்கரத்தைச் சுழற்றுவது எஞ்சினால் ஓடும் ஓர் உறிஞ்சு பம்ப். திருப்பத்தைக் காட்டும் பக்கத்துக் கருவிக்கோ மின்சாரம். வேண்டுமென்றே செய்த பிரிவினை இது. மேகத்துக்குள் பம்ப் நின்றுபோனாலும் மின்கருவி தொடர்ந்து பேசும். காந்தத் திசைகாட்டிக்கு இரண்டுமே தேவையில்லை.

மிஞ்சுவது வேகமானி. இறக்கைக்கு அடியில் நீட்டியிருக்கும் பிட்டோ குழாய்க்குள் எதிர்க்காற்று மோதும் அழுத்தம்தான் அதற்கு வேகம். அந்தச் சிறு துவாரம் குளவிகளுக்குக் கூடு கட்டத் தோதான இடம். 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிகன் குடியரசில் புறப்பட்ட போயிங் 757 கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். பிட்டோ குழாய் அடைபட்டதற்குக் குளவிக் கூடு காரணமாக இருந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. நின்றிருக்கும் விமானத்தில் நல்ல குழாயும் பூஜ்யம் காட்டும், அடைபட்ட குழாயும் பூஜ்யம் காட்டும். அதனால் நிறுத்தியவுடன் குழாய்க்குச் சிவப்பு உறை மாட்டுகிறார்கள். கடைசிச் சோதனையை ஓடுபாதைக்கே தள்ளி வைக்கிறார்கள். செஸ்னா மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில்தான் மூக்கைத் தூக்கும். அதற்கு வெகு முன்பே முள் அசைந்திருக்க வேண்டும். டொமினிகன் விமானத்தில் கேப்டனின் முள் ஓடுபாதையிலேயே ஒழுங்காக வேலை செய்யவில்லை. அவர் தொடர்ந்து புறப்பட்டார். செஸ்னா மாணவருக்குச் சொல்லித் தருவது, முள் எழவில்லையென்றால் உடனே த்ராட்டிலை இழுத்து, பிரேக் போட்டு நின்றுவிட வேண்டும் என்று.