மஞ்சள் பேட்டன்ட்டைக் கவிழ்த்த பழைய கட்டுரை… தெரியுமா?

தாம்பரத்தில் பீச் ரயில் ஏறி கிண்டியில் இறங்குகிறவர்களே, காப்புரிமை அலுவலகம் அங்கே ஜி.எஸ்.டி. ரோட்டில்தான் இருக்கிறது, தெரியுமா? தமிழ்நாட்டுக்கு மட்டுமா? கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா, புதுச்சேரி, லட்சத்தீவு எல்லாவற்றுக்கும் இதுதான்! பெங்களூர்க்காரர் கண்டுபிடித்தாலும் விண்ணப்பம் கிண்டிக்குத்தான் வரும்.

அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் சில நிமிடத்தில் ஐ.ஐ.டி. குடிநீர் பாட்டிலிலும் குளிர்பானத்திலும் பூச்சிக்கொல்லி இருப்பதாக டெல்லி ஆய்வு மையம் ஒன்று 2003-ல் போட்டு உடைத்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதே வருடம் இந்த ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப்பும் ஸ்ரீகுமாரன் நாயரும் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கார்பன் டெட்ராகுளோரைடு மாதிரியான முரட்டு ரசாயனத்தை வெள்ளியின் நானோ துகள் உடைத்துவிடுகிறது. அடுப்பு வேண்டாம், சாதாரண அறை வெப்பமே போதும்! குளோரினை வெள்ளி பிடித்துக்கொள்ள, மிச்சம் வெறும் கரி. தங்கம் இன்னும் வேடிக்கை. நானோ துகளாகத் தண்ணீரில் மிதக்கும்போது அது மஞ்சள் இல்லை, சிவப்பு! எண்டோசல்பான் பூச்சிக்கொல்லி பட்டால் அந்த நிறமும் மாறிவிடும்.

இந்த வேதியியலே காப்புரிமையாகி, 2007-ல் யுரேகா ஃபோர்ப்ஸ் ஃபில்டருக்குள் புகுந்து வீட்டுச் சமையலறைக்கு வந்துவிட்டது. கட்டுரைக்கும் கடைக்கும் நடுவே நாலே வருடம்!

இதில் ஒரு கண்டம் உண்டு. ஆர்வக்கோளாறில் முதலில் கட்டுரையை அச்சிட்டுவிட்டால் ‘புதுமை’ போய்விடும். பெரும்பாலான நாடுகளில் அப்புறம் காப்புரிமை கிடைப்பது குதிரைக்கொம்புதான். அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் ஒரு தற்காலிக விண்ணப்பத்தைப் போட்டுத் தேதியைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். முழு விவரம் கொடுக்க 12 மாதம் அவகாசம்.

கட்டுரைக்கும் காப்புரிமைக்கும் உள்ள உறவை எண்ணிப் பார்க்கவே ஓர் ஆள் இருந்தார், தெரியுமா? அமெரிக்காவின் ஃபிரான்சிஸ் நாரின். அந்நாட்டுத் தொழில்துறைக் காப்புரிமைகள் சான்று காட்டிய ஆய்வுக் கட்டுரைகளை அலசி, 1997-ல் அவர் குழு சொன்ன கணக்கு: 73 சதவீதம் பல்கலைக்கழகம், அரசு ஆய்வகம் போன்ற பொது நிறுவனங்களில் பிறந்தவை! கம்பெனி சம்பாதிக்கிறது, மூளைச் செலவு பெரும்பாலும் ஊர்ப்பணம்.

காப்புரிமையைப் பெற்றெடுக்கும் கட்டுரையே அதற்கு எமனாகவும் வரும். 1995-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம், மஞ்சள் புண்ணை ஆற்றும் என்று காப்புரிமை வாங்கியது. நம் பாட்டிமார் சிரித்திருப்பார்கள். ஆனால் பாட்டி சொல் அங்கே சாட்சியாகாதே, அச்சில் இருக்க வேண்டும். இந்திய அரசின் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். பழைய ஆதாரங்களைத் திரட்டியது. அதில் இந்திய மருத்துவச் சங்க இதழின் 1953-ம் வருடக் கட்டுரையும் ஒன்று. 1997-ல் மிசிசிப்பியின் காப்புரிமை காலி!

அந்தச் சூட்டில்தான் பாரம்பரிய அறிவு மின்நூலகம் பிறந்தது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய நிறுவனமே வைத்திருக்கும் சித்த மருத்துவமும் அதில் உண்டு. சித்தர் சூரணக் குறிப்பு இன்று ஜெர்மனிலும் ஜப்பானிய மொழியிலும் இருக்கிறது, வெளிநாட்டுக் காப்புரிமை அதிகாரி தட்டிப் பார்ப்பதற்காகவே!