உருளைக்கிழங்கு நாற்றுக்கு வேரூக்கி எவ்வளவு தேவை?

உருளைக்கிழங்கை நறுக்கி நட்டால் தாய்ச்செடியில் இருக்கும் வைரஸும் கூடவே வந்துவிடும். அதைத் தவிர்க்கவே, நோயற்ற செடியின் கணுத்துண்டுகளை அகார்-அகார் கலந்த ஊட்டக் கூழில் வளர்க்கிறார்கள். இதுதான் திசு வளர்ப்பு.

இங்கே வேரைத் தூண்டும் ஹார்மோன் ஆக்சின். தளிரைத் தூண்டுவது சைட்டோகைனின். இவ்விரண்டின் விகிதமே வேரா, தளிரா என்று தீர்மானிக்கிறது என்பதை ஸ்கூக், மில்லர் இருவரும் 1957-இல் புகையிலைத் திசுவில் காட்டினார்கள்.

அப்படியானால் ஆக்சினை அள்ளிப் போடலாமா? கூடாது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகவே சேர்ப்பது வழக்கம். அளவு மிஞ்சினால் வேருக்குப் பதிலாகக் கேலஸ் எனும் திசுக்கட்டி திரளும். அதிலிருந்து முளைக்கும் செடி தாயைப் போலவே இருக்கும் என்ற உறுதியில்லை.

பல ரகங்களின் கணுக்கள் ஹார்மோன் இல்லாமலேயே வேர்விடும். ஆகவே முதலில் அப்படி வளர்த்துப் பார்த்து, தயங்கும் ரகத்துக்கு மட்டும் சிறிதளவு ஆக்சின் கொடுப்பதே நல்லது. வேர் நன்கு பிடித்த நாற்றுதான் மண்ணில் பிழைக்கும்.