மொய் நோட்டும் உழவாரப்படையும்

வேலை, விசேஷம், தொண்டு ஆகிய மூன்றுக்கும் நேரத்தைப் பங்கிடுவது அவரவர் சாமர்த்தியம் என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், தமிழ்நாட்டில் தலைமுறைகளாக நீடித்துவரும் கூடுகைகளைக் கூர்ந்து நோக்கினால், உழைப்பவரின் நாளையும் மாதத்தையும் கணக்கில் கொண்டு அமைந்தவையே பெரும்பாலும் நிலைத்திருப்பது தெரியவரும்.

ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் நடத்துவதைப் பலர் தவிர்ப்பதால் எஞ்சிய மாதங்களின் முகூர்த்த நாள்களில் அழைப்பிதழ்கள் குவிகின்றன. ஒரே நாளில் மூன்று மண்டபங்களுக்குப் போக வேண்டியவர், விடியற்கால முகூர்த்தத்துக்குத் தலைகாட்டிவிட்டு அலுவலகம் போகவும், முடியாதவர் முந்தைய மாலை வரவேற்பில் மொய் எழுதிவிட்டுத் திரும்பவும் வழக்கம் இடம் தருகிறது. மொய் என்பது விசேஷ வீட்டாருக்கு உறவினரும் ஊராரும் தரும் பணம். வாசலருகே மேசை போட்டு ஒருவர் பணத்தை எண்ண, மற்றொருவர் ஊர், பெயர், தொகை என நோட்டில் பதிய, அந்த நோட்டு வீட்டுப் பத்திரங்களோடு பத்திரப்படுத்தப்பட்டு, கொடுத்தவர் வீட்டு விசேஷத்தின்போது மீண்டும் திறக்கப்படுகிறது. மதுரைப் பக்கம் ‘செய்முறை’ எனப்படும் இந்தக் கடமையைப் பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தார் இன்னும் ஒரு படி மேலே கொண்டுசென்று, திருமணம் ஏதுமின்றியே ஆடி மாதத்தையொட்டி மொய் விருந்து வைக்கிறார்கள். பல குடும்பங்கள் ஒரே பந்தலில் கூட்டாக நடத்துவதால் செலவோடு, விருந்தினரின் அலைச்சலும் குறைகிறது. கடன் வசூல் என்று இதை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் வங்கி தராத ஒன்றை, அதாவது நேரில் வந்து முகம் காட்டும் கட்டாயத்தை, அந்த நோட்டு தருகிறது.

தொண்டின் நிலை வேறு. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஒருவர் ஒரு நாள் அதிகாலை நான்கு மணி முதல் மறுநாள் அதிகாலை நான்கு மணி வரை செய்தவற்றை அரைமணிக் கூறுகளாகப் பதிவு செய்தது. அதன்படி ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 91.3 விழுக்காட்டினர் பழகுதல், உரையாடல், சமூக, சமயச் செயல்களில் ஈடுபட்டனர். ஊதியமற்ற தன்னார்வப் பணி, பயிற்சிப் பணி முதலியவற்றில் ஈடுபட்டோர் 2.4 விழுக்காட்டினர் மட்டுமே. (பந்தியில் இலை போட்டுப் பரிமாறும் பக்கத்து வீட்டுக்காரர் தம்மைத் தன்னார்வலர் என்று சொல்லிக்கொள்வதில்லை என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.) வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டதாக அதே ஆய்வு கூறுவதால், ஓர் ஆணின் ஞாயிற்றுக்கிழமைத் தொண்டு பல வீடுகளில் ஒரு பெண்ணின் அடுப்படி நேரத்தில் ஏறிய கணக்காகவே இருக்கக்கூடும்.

கூடுகையும் தொண்டும் ஒன்றாகவே அமைந்துவிட்டால் இந்த நெருக்கடி ஓரளவு தளர்கிறது என்பதற்கு உழவாரப் பணி சான்று. உழவாரம் என்பது நீண்ட பிடியின் நுனியில் தட்டையான இரும்புத் தகடு பொருத்திய, புல் செதுக்கும் கருவி. ஏழாம் நூற்றாண்டினரான திருநாவுக்கரசரின் சிலைகள் அதைத் தாங்கியபடியே வடிக்கப்படுகின்றன. இன்று வாரநாள்களில் கணினியின் முன்னும் கடைக் கல்லாவிலும் அமர்ந்திருப்பவர்கள், ஞாயிறு காலையில் ஏதேனும் ஒரு சிவாலயத்தில் குழுவாகக் கூடி, பிராகாரக் கல்லிடுக்கில் வேரோடிய அருகைச் செதுக்கி, எண்ணெய்ப் பிசுக்கேறிய விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்து, மதியம் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டு கலைகிறார்கள். குடும்பத்தோடு வருபவர்களும் இருப்பதால், சமையலறையில் எவரையும் விட்டுவர வேண்டிய தேவை அன்றைக்கு இல்லை.

தன்னார்வலர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தருவதற்காக 2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துக்குப் பெண்கள் பெருமளவில் முன்வந்ததற்கும் இத்தகைய அமைப்பே முக்கியக் காரணமாகத் தோன்றுகிறது: மாலைப் பொழுது, சொந்தத் தெரு, பயணம் தேவையில்லை. குருதிக்கொடையோ இவற்றைவிடக் குறைந்த நேரம் கேட்பது. ஆண்கள் மூன்று மாதங்களுக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதங்களுக்கு ஒரு முறை கொடுக்கலாம்.

இவை அனைத்துக்கும் அடிப்படை, அடுத்த வாரம் எந்த வேளையில் ஓய்வு கிடைக்கும் என்பது முன்கூட்டித் தெரிந்திருப்பதே. வாரந்தோறும் ஷிப்ட் மாறும் தொழிலாளியால் விசேஷத்துக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுக்க இயலாது. அவர் வராமல் போவதை ஊர் அலட்சியம் என்றே எடுத்துக்கொள்கிறது. தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறைகள்) சட்டம், 1958, ஊதியத்துடன் கூடிய நான்கு தேசிய விடுமுறைகளோடு, எந்தெந்தப் பண்டிகைகளுக்கு என்பதை நிர்வாகத்தையும் தொழிலாளரையும் கலந்து முடிவு செய்ய வேண்டிய ஐந்து விடுமுறைகளையும் அளிக்கிறது. உள்ளூர்க் கோயில் கொடைக்கு விடுப்பு கேட்டு மேலாளர் அறை வாசலில் நிற்பவர்கள், ஆண்டு விடுமுறைப் பட்டியல் தயாராகும்போதே தம் ஊர்த் திருநாளை அந்த ஐந்தில் ஒன்றாகச் சேர்க்கும்படி சங்கத்தின் வழியாகக் கேட்கலாம்.