உழாமல் விதைக்கலாம், ஆராயாமல் வாங்கலாமா?

கலப்பை தொடாமல் விதைப்பதா, நடக்கிற காரியமா என்று மூக்கின்மேல் விரல் வைக்கும் பெரியவர்கள் நம் குமாரபாளையம் வட்டாரத்தில் உண்டு. நடக்கிற காரியந்தான்! பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம் 1990களில் பரப்பிய கருவியைக் கொண்டு, அரியானாவிலும் பஞ்சாபிலும் நெல் அறுத்த தாளுக்கிடையே உழாமலே கோதுமை விதைக்கிறார்கள்.

மேய்ச்சல் காட்டுக்கு இம்முறை இன்னும் பொருந்தும். காவிரிக்கு அக்கரையில் காங்கேயம், தாராபுரம் பகுதிக் கொறங்காடுகளைப் பாருங்கள். கிளுவை வேலி, வெள்வேல மரம், அடியிலே கொழுக்கட்டைப் புல். அப்புல் ஆண்டுக்கணக்கில் வேரோடி நிற்பது. அடர்த்தி குறைந்ததென்று ஏர் பூட்டினால் இருக்கிற வேரும் அறுபடும். சரிவு நிலமாயின் ஒரு கனமழையில் மேல்மண்ணும் போகும். இருக்கும் புல்லைக் காத்து, இடையிலே கீறி விதைப்பதே அறிவுடைமை.

அதற்காக, விற்பவர் காட்டும் கருவியை அப்படியே வாங்கிவிடலாமா? கூடாது என்கிறோம். கோதுமை மணி வழுக்கி ஓடும். கொழுக்கட்டை விதையோ பஞ்சுபோல் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். பெட்டிக்குள் கிளறும் தண்டும், அகன்ற குழாயும் இல்லையென்றால் விதை அடைத்துக்கொள்ளும். வண்டி ஓடும், விதை விழாது! ஆகவே வாங்குமுன் நம் விதையையே பெட்டியில் கொட்டி, ஓட்டிக் காட்டச் சொல்லவேண்டும்.

அடுத்தது கொழு. தலைகீழாகப் பிடித்த சுத்தியல்போல், மேலே குறுகியும் அடியில் அகன்றும் கீறும் கொழு ஈரத்தைக் காக்கும். சரளைக்கல் நிலத்தில் அது கல்லில் மாட்டும். ஆகையால் வில் பூட்டியதாக இருக்கவேண்டும். வட்டத்தகடு கல்மேல் ஏறிச் செல்லும். ஆனால் இறுகிய மண்ணில் இறங்க அதிக எடை வேண்டும். மூன்றாவது ஆழம். புல் விதை மிக ஆழமாகப் புதைந்தால் முளைப்பது அரிது.

விதை அளவைச் சோதிப்பதும் எளிதே. 9 கொழு, 20 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் அகலம் 1.8 மீட்டர். ஓட்டும் சக்கரத்தின் சுற்றளவு 1.5 மீட்டரானால், 20 சுற்றில் 54 சதுர மீட்டர். அதாவது ஏக்கரில் 75ல் ஒரு பங்கு. ஏக்கருக்கு 3 கிலோ வேண்டுமானால் 40 கிராம் விழவேண்டும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, குழாய்தோறும் பை கட்டி நிறுத்துப் பாருங்கள். ஒரு பை மட்டும் காலியானால் அந்தக் குழாய் அடைத்திருக்கிறது.

பராமரிப்பை நம் ஊருக்கு யார் சொல்லித் தரவேண்டும்? குமாரபாளையம் தறி ஓடும் ஊர். எண்ணெய் விடாத தறி என்னவாகும் என்பது இங்கே சிறுவனுக்கும் தெரியும். விதைத்த அன்றே பெட்டியைத் துடைத்து மிச்சத்தை எடுக்கவேண்டும். உரம் தங்கினால் இரும்பை அரிக்கும். சங்கிலிக்கு எண்ணெய், பேரிங்குக்குக் கிரீஸ், தேய்ந்த கொழுவுக்கு மாற்று, மழை படாத கூரை. குழாயில் எலி கூடு கட்டாதபடி வாயைக் கட்டவும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. இந்தக் கருவிக்கு ஆண்டில் சில நாள்தான் வேலை. நாலு ஏக்கர் வைத்திருப்பவர் இதற்காகக் கடன்படலாமா? கருவி கொட்டகையில் தூங்கும், வட்டி தூங்காது! 2014-15ல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில், தனியாக வாங்குவோர்க்கு மட்டுமன்றி வாடகை மையங்களுக்கும் மானியம் வகுக்கப்பட்டது. நம் உழவர்கள் குழுவாகச் சேர்ந்து கேட்கட்டும். ஆனால் ஒரு மழை ஈரம் எல்லாக் காட்டுக்கும் ஒரே நேரத்தில்தான் வரும். ஆகவே முறை வைத்துக் கொடுக்கும் ஏற்பாடும், பொறுப்பான ஓர் ஆளும் வேண்டும்.

வேளாண்மைப் பொறியியல் துறையினரையும் கேட்கிறோம்: கோதுமைக் கருவியைக் கோதுமைக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும், நம் புல்லுக்கேற்ற கருவியை, ஐப்பசி மழைக்கு முன்னே, நம் காட்டிலே ஓட்டிக் காட்டுங்கள். கண்டபின் வாங்குவோம், கடன்பட்டபின் கண்டு என்ன பயன்?