முகப்புத் திரையில் நம் ஆலயம், நம் பள்ளி: பெயரும் படமும் சரியாகத் தெரிகிறதா?

தைப்பூசம் நெருங்கிவிட்டால் பினாங்கில் பலரும் கைப்பேசியில் தேடத் தொடங்கிவிடுவார்கள். இரதம் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, எந்தச் சாலையை மூடுகிறார்கள், பால்குடச் சீட்டு எங்கே கிடைக்கும் என்று ஒவ்வொரு முறையும் கூகுளில் தேட வேண்டியதில்லை. ஆலயத்தின் அகப்பக்கத்தையே கைப்பேசியின் முகப்புத் திரையில் ஒரு சின்னமாகச் சேமித்துக்கொள்ளலாம். தொட்டால் நேராக அந்தப் பக்கம் திறக்கும். செயலி எதையும் பதிவிறக்க வேண்டாம்.

ஐபோனில் சஃபாரியில் பக்கத்தைத் திறந்து, மேல்நோக்கிய அம்புக்குறி உள்ள பெட்டியைத் தொட்டு, ‘ஆட் டு ஹோம் ஸ்கிரீன்’ என்பதைத் தேர்வு செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் குரோம் உலாவியின் மூன்று புள்ளிகளைத் தொட்டால் அதே தேர்வு வரும். ஐபோனில் சேமிக்கும் முன் பெயரை நாமே மாற்றிக்கொள்ளலாம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தண்ணீர்மலை அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயம், 1833-இல் எழுந்த குயின் ஸ்திரீட் அருள்மிகு மகா மாரியம்மன் ஆலயம் ஆகிய இரண்டையும் முழுப்பெயரோடு ஒருவர் சேமிப்பதாக வைத்துக்கொள்வோம். சின்னத்தின் கீழே சுமார் 12 எழுத்துகளுக்குத்தான் இடம் உண்டு. தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் அதற்கும் குறைவாகவே அடங்கும். ஆகவே இரண்டும் ‘அருள்மிகு…’ என்றே நிற்கும். தமிழ்ப்பள்ளிகளின் பெயர்கள் ‘தேசிய வகை…’ என்பதோடு நின்றுவிடும். படமும் அமைக்கப்படாவிட்டால், பொதுவாக ஓர் எழுத்தை மட்டும் போட்டு ஒரு கட்டத்தைக் கைப்பேசியே உருவாக்கிவிடும். வயதான அம்மாவுக்கு எது எந்த ஆலயம் என்று எப்படித் தெரியும்?

இந்த வசதி புதிதல்ல. 2008 ஜனவரியில் ஐபோனின் 1.1.3 பதிப்பிலேயே வந்துவிட்டது. ஆப்பிளின் செயலிக் கடை திறந்ததோ அதே ஆண்டு ஜூலையில்தான். ஆனாலும் அகப்பக்கம் வைத்திருக்கும் நிர்வாகங்கள் பல இதைக் கவனிப்பதில்லை. உங்கள் அகப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் இளைஞரிடம் கீழ்க்கண்டவற்றைச் சொல்லுங்கள். ஒரு மாலை நேர வேலைதான்.

முதலில் குறும்பெயர். ‘மேனிஃபெஸ்ட்’ என்ற சிறிய கோப்பில் முழுப்பெயர், குறும்பெயர் என இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்கலாம். ‘தண்ணீர்மலை’, ‘மாரியம்மன்’ என்று ஊர் மக்கள் வாயில் வழங்கும் பெயரே குறும்பெயராக இருக்கட்டும். ஐபோனுக்கு ‘ஆப்பிள்-மொபைல்-வெப்-ஆப்-டைட்டில்’ என்ற வரியிலும் அதையே எழுதலாம். ஒன்றைக் கவனியுங்கள்: ‘அருள்மிகு’ நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஒன்பது குறியீடுகள். எண்ணிக்கையை மட்டும் நம்பாமல் கைப்பேசியில் சேமித்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

அடுத்தது படம். ஐபோனுக்கு ‘ஆப்பிள்-டச்-ஐகான்’ என்ற பெயரில் 180-க்கு 180 புள்ளி அளவுள்ள சதுரப் படம் வேண்டும். பின்னணி ஒளிபுகும்படி இருந்தால் அங்கே கறுப்பு நிறம் வந்துவிடும். மூலைகளை ஐபோனே வளைத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டுக்கு 192, 512 புள்ளி அளவுகளில் இரண்டு படங்கள் போதும். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் படத்தை வட்டமாக வெட்டும். எனவே ‘மாஸ்கபிள்’ வகைப் படத்தில் நடுவில் உள்ள 80 விழுக்காட்டு வட்டத்துக்குள் முக்கியமானவை அடங்க வேண்டும். இல்லையென்றால் கோபுரம் இருக்கும், கலசம் இருக்காது. பள்ளிச் சின்னத்தில் உள்ள பொடி எழுத்துகள் இந்த அளவில் படிக்கவே முடியாது. சின்னத்தின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, தொடக்கப் பக்கம். இதைக் குறிப்பிடாவிட்டால், சேமித்தபோது பார்த்த பக்கமே எப்போதும் திறக்கும். ஈராண்டுக்கு முந்தைய தைப்பூச நிகழ்ச்சி நிரலைச் சேமித்தவர் இந்த ஆண்டும் பழைய நேரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். முதற்பக்கத்தையே தொடக்கமாக வையுங்கள். படத்தைப் பிறகு மாற்றினால், ஐபோனில் முன்பே சேமித்தவர்களுக்குப் பழைய படமே தெரியும். நீக்கிவிட்டு மீண்டும் சேமிக்கச் சொல்லுங்கள்.

இறுதியாக, பணம் சம்பந்தப்பட்ட ஒன்று. பெயரும் படமும் யார் வேண்டுமானாலும் அமைக்கக்கூடியவை. வங்கியின் சின்னத்தையோ ஆலயத்தின் கோபுரத்தையோ மோசடிக்காரனும் போட்டுக்கொள்ளலாம். ‘ஸ்டாண்டலோன்’ முறையில் திறக்கும் பக்கத்தில் முகவரிப் பட்டையும் மறைந்துவிடும். செக் குடியரசின் வங்கி வாடிக்கையாளர்கள் இதே வழியில் குறிவைக்கப்பட்டதை 2024 ஆகஸ்டில் ஈசெட் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. ஆகவே நன்கொடை பெறும் அகப்பக்கங்கள் முகவரி தெரியும் ‘பிரௌசர்’ முறையிலேயே இருப்பது நல்லது.

நாமும் புலனத்தில் வந்த இணைப்பைத் தொட்டுச் சேமிக்கக் கூடாது. முகவரியை எழுத்து எழுத்தாகப் பார்த்த பிறகே சேமிக்க வேண்டும். முகப்புத் திரையில் சேமிக்க ‘ஏபிகே’ கோப்பு தேவையே இல்லை. அப்படி ஒன்றை இறக்கச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் பறிபோனதாகத் தெரிந்தால் உடனே வங்கியையோ 997 என்ற தேசிய மோசடி பதில் மையத்தையோ அழையுங்கள்.

இந்த வார இறுதியில் வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசியை வாங்கி, அவர்கள் அடிக்கடி தேடும் இரண்டு பக்கங்களைச் சரியான பெயரோடு சேமித்துக் கொடுங்கள். அடுத்த முறை அவர்கள் தேடவும் வேண்டாம், தவறான இணைப்பில் போய் மாட்டவும் வேண்டாம்.