பவுல் எப்படிச் சின்னப்பன் ஆனார்?

எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள எறையூர், ஜெபமாலை அன்னை ஆலயத்தால் அறியப்பட்ட கத்தோலிக்கக் கிராமம். இப்படிப்பட்ட ஊர்களில் ஒருவர் சின்னப்பன் என்று பெயர் சொன்னால், அது அசல் கிராமத்துப் பெயராகவே காதில் விழும். அதன் பூர்வீகமோ ரோமாபுரி. லத்தீனில் ‘பவுலுஸ்’ என்றால் சிறியவன். ரோமில் அது பெருங்குடிகளின் பெயர், கி.மு. 216-இல் கன்னே போர்க்களத்தில் மாண்ட தளபதி எமிலியுஸ் பவுலுஸ் அந்தப் பெயரோடுதான் இருந்தார். பிறப்பால் ரோமக் குடியுரிமை பெற்ற யூதரான திருத்தூதர் பவுலுக்கும் சவுல் என்ற எபிரேயப் பெயரோடு இதுவும் இருந்தது. தமஸ்கு வழியில் மனம் மாறியபோதே பெயரும் மாறியது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் திருத்தூதர் பணிகள் நூல் அதற்குப் பின்னும் அவரைச் சவுல் என்றே அழைக்கிறது. சைப்பிரஸ் தீவு நிகழ்ச்சியைச் சொல்லும் 13-ஆம் அதிகாரத்தில்தான் பவுல் என்ற பெயர் வருகிறது.

சீர்திருத்தத் திருச்சபையினர் ஒலியைக் காத்துப் பவுல் என்றார்கள். கத்தோலிக்கர் பொருளைக் காத்துச் சின்னப்பர் என்றார்கள். இது தற்செயலான ஒற்றுமை என்று தள்ளிவிட முடியாது. கடவுளின் அருளைக் குறிக்கும் யோவான் என்ற பெயர் அருளப்பர் ஆயிற்று. கடவுள் உதவினார் என்று பொருள்படும் லாசருவின் பெயர் தேவசகாயம் ஆயிற்று. 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளை பெற்ற ஞானஸ்நானப் பெயர் அதுவே. மூன்று பெயர்களிலும் ஒரே முறை தெரிவதால், பொருளறிந்து செய்த தமிழாக்கம் என்றே கொள்ள வேண்டும்.

சின்னப்பா என்பது சித்தப்பாவைக் குறிக்கும் உறவுச் சொல்லாயிற்றே, நடிகர் பி.யு. சின்னப்பாவும் முருக பக்தரான தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரும் கிறிஸ்தவர்கள் இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். அந்தப் பெயர்கள் லத்தீனிலிருந்து வந்தவை அல்ல. ஆனால் தமிழாக்கத்தின் வெற்றியே அங்குதான் இருக்கிறது. வீடுகளில் ஏற்கெனவே புழங்கிய, மரியாதையும் பாசமும் கலந்த சொல்லில் ரோமப் பெயர் குடியேறியது. மதத்தை மறைக்கும் வேடம் இது என்பாருக்கும் பதில் உண்டு. ஜூன் 29-ஆம் தேதியை இராயப்பர் (பேதுரு), சின்னப்பர் திருநாளாக ஆலயத்தில் வெளிப்படையாகவே கொண்டாடினார்கள். 2005 முதல் சென்னை–மயிலைப் பேராயராக இருந்த ஏ.எம். சின்னப்பா அந்தப் பெயரோடுதான் ஆயர் பீடத்தில் அமர்ந்தார்.

1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் பவுல் என்ற வடிவத்தை ஏற்றது. இரு சபையாரும் ஒரே நூலை வாசிக்க அது தேவையான முடிவு. வாசகத்துக்குப் பவுல் இருக்கட்டும். பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது சின்னப்பனையும் நினைக்க வேண்டும். அயல்நாட்டுப் பெயரொன்றைத் தமிழர் எப்படிச் சொந்தமாக்கிக்கொண்டார்கள் என்பதற்கு அந்தப் பெயரே சான்று. வைப்பதற்கு ஆளில்லாமல் போனால் அந்தச் சான்று அகராதியில் மட்டுமே மிஞ்சும்.